காஸ் எங்கே போயிற்று?

சென்ற கத்திரி வெயிலில் காஞ்சீபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். காருக்கு வயது பதினெட்டு. பின் சீட்டில் பட்டுப் புடைவை சரசரக்க என் மாமியார், அவருக்கு எழுபது. பூவிருந்தவல்லியைத் தாண்டுவதற்குள் ஏ.ஸி. அனல் காற்றை ஊத ஆரம்பித்துவிட்டது. கல்யாண வீட்டில் இறங்கும்போது மாமியாருக்குத் தலை சுற்றல். முகூர்த்தத்தை எங்கே பார்ப்பது? மோரும் கையுமாக நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மெகானிக் வந்தார். பானெட்டைத் திறக்கு முன்பே, "காஸ் தீர்ந்துவிட்டது, போட்டுவிடலாம்" என்றார். போன வருஷமும் இதே பேச்சு. அதற்கு முந்தின வருஷமும் இதே பேச்சு!

மாமியார் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, அடுப்பு காஸ் எரிந்து தீருகிறது, சரி. இதுதான் எரியவே இல்லையே! எங்கே போயிற்று?"

மெகானிக் தலையைச் சொறிந்தார்.

சகோதரிகளே, இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறதல்லவா? கார் ஏ.ஸி.யிலும் அதே வித்தைதான். ஆனால் இங்கே ஆவியானது வெளியே போவதில்லை. கம்ப்ரெஸர் அதை அழுத்தி முன்பக்கம் அனுப்புகிறது. அங்கே கண்டென்ஸரில் சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. அதே காஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய ரப்பர் குழாய்களில் பல வருஷங்களில் கொஞ்சம் கசியலாம். வருஷா வருஷம் தீர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே அர்த்தம்.

எல்லாக் கோளாறும் காஸ் கோளாறு அல்ல. மெகானிக்கைக் கூப்பிடுமுன் நீங்களே கவனியுங்கள்:

காற்றே மந்தமாக வருகிறதா? ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். எடுத்துத் தட்டிப் பாருங்கள். மிகவும் கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சுடுகிறதா? கண்டென்ஸர் விசிறி சுற்றவில்லை. அல்லது கண்டென்ஸரில் மண்ணும் சருகும் அடைத்திருக்கின்றன. எஞ்சின் ஆறிய பிறகு, வேகமில்லாத நீரால் கழுவலாம்.

முதலில் குளிர்ந்து, பிறகு காற்றே நின்றுவிடுகிறதா? உள்ளே பனிக்கட்டி உறைந்திருக்கலாம். சற்று நேரம் ஏ.ஸி.யை நிறுத்தினால் காற்று திரும்பி வரும்.

காற்று பலமாக வந்தும் குளிரவில்லையா? ஸ்விட்சைப் போட்டதும் எஞ்சின் பக்கம் 'டக்'கென்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் ஃப்யூஸ், ரிலே, அல்லது காஸ் குறைவு.

காஸ் குழாய்களை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். பீறிட்டால் தோலையும் கண்ணையும் உறைய வைத்துவிடும். மெகானிக்கிடம் மூன்றே வார்த்தை சொல்லுங்கள்: ஒழுக்கைக் கண்டுபிடி, வாக்குவம் போடு, அளந்து நிரப்பு. எந்தக் காஸ், எவ்வளவு என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியிலுள்ள சீட்டிலேயே இருக்கும். சிறிய கார்களுக்குச் சுமார் அரைக் கிலோ. கூடுதலாகப் போட்டாலும் குளிராது!

மழைக் காலத்திலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏ.ஸி.யை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் கம்ப்ரெஸர் ஸீல் காய்ந்து கசியும்.

எங்கள் காரில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒரு குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை தெரிந்தது. காஸ் கசியும் இடத்தில் கம்ப்ரெஸர் எண்ணெயும் கசியுமாம். உள்ளே மோதிரம் போன்ற ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அற்ப விலை! அதற்காக மூன்று வருஷம் தண்டம் அழுதிருக்கிறோம்.

சென்ற வாரம் திருத்தணிக்குப் போனோம். பாதி வழியில் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது: "கொஞ்சம் குறையேம்மா, கால் சில்லிட்டுப் போகிறது!"