ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல புலம்பினா வேலை போகுமா?

ராஜபாளையத்துல ஒரு மில்லுலயோ, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பேங்க் கிளையிலயோ நீங்க வேலை பார்க்கறதா வச்சுக்குவோம். ஸ்டாஃப் மட்டும் இருக்கற வாட்ஸ்அப் குரூப். மேனேஜர் மேல கடுப்பு. ராத்திரி பதினோரு மணிக்கு நாலு வரி காட்டமா போட்டுட்டீங்க. மறுநாள் காலையில அந்த ஸ்கிரீன்ஷாட் மேனேஜர் கையில இருக்கு. (போட்டுக்கொடுத்தது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது, அது வேற கதை.)

கிட்டத்தட்ட இதேதான் நம்ம பக்கத்துல நடந்துச்சு. விருதுநகரைத் தலைமையிடமா வச்சு பாண்டியன் கிராம வங்கின்னு ஒண்ணு இருந்ததே, ஞாபகம் இருக்கா? அது 2019 ஏப்ரல்ல பல்லவன் கிராம வங்கியோட சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆச்சு. அதோட ஊழியர் ஒருத்தர், தொழிற்சங்கத்துலயும் இருந்தவர், நிர்வாகத்தை விமர்சிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போட்ட மெசேஜுக்காக 2022-ல சார்ஜ் மெமோ வாங்கினார். கேஸ் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போச்சு. 2023 ஆகஸ்ட்ல நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த மெமோவை ரத்து பண்ணிட்டார்.

தீர்ப்போட சாரம் ரொம்ப எளிமையானது. வேலை பார்க்கறவனுக்கு மனக்குறை இருக்கறது இயல்பு. அதை வெளியே கொட்டினா நிறுவனத்துக்கும் நல்லதுதான். நாலு பேர் வீட்டுக்குள்ள பேசிக்கறதுல நிர்வாகம் தலையிட முடியாதுன்னா, உறுப்பினர்கள் மட்டும் பார்க்கற குரூப்புக்கும் அதே கணக்கு. நிறுவனத்தோட பேர் கெட்டாத்தான் நிர்வாகம் உள்ளே வரலாம்.

என்னைக் கேட்டா, சரியான தீர்ப்பு. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில நாம பேசறதைக் கேட்க எந்த ஹெச்.ஆரும் ஆள் வைக்கறதில்ல. போன்ல பேசினா மட்டும் எப்படி அது ஒழுங்கீனம் ஆகும்? எல்லாத்துக்கும் தடை போடற பெரிய நிறுவனத்துல குறை குறையறதில்ல, பேர் இல்லாத ஐடிக்குப் போய் இன்னும் மோசமா வெளியே வருது.

ஆனா இதை நம்பி இன்னைக்கு ராத்திரியே டைப் பண்ண ஆரம்பிச்சிடாதீங்க. கிராம வங்கி அரசு சார்ந்த நிறுவனம். பேச்சுரிமையை முதன்மையா அரசுக்கு எதிராத்தான் கேட்க முடியும். 2020-ல திரிபுரா ஹைகோர்ட் ஃபேஸ்புக் பதிவு விஷயத்துல காப்பாத்தினதும் ஒரு அரசு ஊழியரைத்தான். தனியார் மில்லுலயோ ஐடி கம்பெனியிலயோ இருக்கற உங்களுக்கு அந்தக் குடை கிடையாது. அங்கே பேசறது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல நீங்க படிக்காமக் கையெழுத்து போட்ட பத்திதான். இன்னொண்ணு, பங்குச்சந்தையில இருக்கற கம்பெனின்னா, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி லாபக் கணக்கை குரூப்ல கசியவிடறது புலம்பலே இல்ல. அது செபி பார்த்துக்கற விவகாரம்.

இப்போ பணத்துக்கு வருவோம். ஜெயிச்ச அந்த ஊழியருக்கே மெமோவுல இருந்து தீர்ப்பு வர ஒரு வருஷம் ஆச்சு. உங்க விஷயம் சஸ்பென்ஷன் வரைக்கும் போகுதுன்னு வைங்க. நிலையாணை பொருந்தற தொழிலாளிக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம்தான், அதுக்கு மேல தாமதம் உங்களால இல்லன்னா 75 சதவீதம். 28,000 ரூபாய் சம்பளம் 14,000 ஆகும். அதுல பைக் இ.எம்.ஐ., வீட்டு வாடகை, அம்மாவுக்கு மருந்து எல்லாம் போகணும். பி.எஃப். பணத்துல கம்பெனி கை வைக்க முடியாது, சரி. ஆனா நாளைக்கு வர்ற இ.எம்.ஐ.யை அது கட்டாது. ஆறு மாசச் செலவைத் தனி அக்கவுன்ட்ல வச்சிருக்கறவன் விசாரணைக்கு நிமிர்ந்து போவான். இல்லாதவன் செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டு வருவான்.

இந்த மாசம் ஆஃபர் லெட்டர் வந்திருந்தா, சம்பளம் போட்ட பக்கத்தோட நிறுத்தாதீங்க. சமூக ஊடகம்னு வர்ற பத்தியைப் படிங்க. புரியலன்னா ஹெச்.ஆர். கிட்ட மெயில்ல கேளுங்க. பதிலும் மெயில்லயே வரட்டும்.