இரண்டாவது பேஸ் கிட்டார் நகலாக இருக்க வேண்டாம்
"பிரெசிஷன் பேஸ் பிடித்திருந்தால் இரண்டாவதும் பிரெசிஷனாகவே வாங்கு, விரல் தடுமாறாது" என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். மேடையில் கம்பி அறுந்தால் மாற்று வேண்டுமே என்பவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு வீண் செலவு.

தடுமாற்றம் என்ற பயத்துக்கே அடிப்படை இல்லை. பிரெசிஷனுக்கும் ஜாஸ் பேஸுக்கும் கம்பி நீளம் ஒன்றுதான், 34 அங்குலம். ஜாஸின் கழுத்து தலைப்பக்கம் கொஞ்சம் ஒடுக்கம், அவ்வளவே. கை சீக்கிரம் பழகிவிடும். ஆனால் ஜாஸின் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்து, விரலையும் அதன் மேலேயே வைத்து மீட்டிப் பாருங்கள். மூக்கால் பாடுவதுபோல் ஒரு கூர்மை வரும். ஒரே பிக்கப் உள்ள பிரெசிஷனில் டோன் குமிழை எவ்வளவு திருகினாலும் அது வராது.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வைத்திருந்த இரண்டு பேஸ்களும் இப்படி வேறுபட்டவைதான். 1961இல் அவர் ஹாம்பர்கில் வாங்கிய ஹாஃப்னர், உள்ளே கூடான உடல், 30 அங்குலக் கம்பி. 1965இல் அவர் கைக்கு வந்த ரிக்கன்பேக்கரோ கெட்டி மரம், நீளமான கம்பி. அதற்காக ஹாஃப்னரை அவர் கைவிடவில்லை. குழுவின் 1969 மொட்டைமாடிக் கச்சேரியில் அவர் தோளில் தொங்கியது ஹாஃப்னர்தான்.

கடைக்கு உங்கள் பேஸையும் எடுத்துப் போங்கள். அதில் வராத ஒலி எதில் வருகிறதோ, அதை வாங்குங்கள்.