இருட்டில் பார்க்கும் கேமரா இருந்தால் பன்றியைச் சுடலாமா?

கேள்வி: எங்களுக்கு மூன்றரை ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை, மிச்சத்தில் மக்காச்சோளம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறோம். ஆனாலும் கடலை காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி கூட்டமாக வந்து உழுதுவிட்டுப் போகிறது. பழைய சேலை கட்டினோம், பாட்டில் கட்டினோம், ராத்திரி காவலும் கிடந்தோம். எதுவும் நிற்கவில்லை. என் மச்சான் மகன் 'தெர்மல் ஸ்கோப்' ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். கும்மிருட்டிலும் பன்றி வெள்ளையாகத் தெரிகிறது. "மாமா, என் சினேகிதன் வீட்டில் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி இருக்கு. இதை மாட்டி நாலு பன்றியைப் போட்டால் மிச்சம் திரும்பி வராது. கறியை நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறான். கேரளாவில் பஞ்சாயத்துத் தலைவரே சுட அனுமதி கொடுக்கிறாராமே? நாங்கள் செய்தால் தப்பா?
- பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: ஒரு ராத்திரியில் அரை ஏக்கர் கடலை போனால் வயிறு எப்படி எரியும் என்பது காடு ஒட்டி விவசாயம் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் உங்கள் கோபத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மச்சான் மகன் சொல்கிற வழிக்கு மட்டும் போகாதீர்கள். சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்கு. கொல்வது மட்டும் வேட்டை இல்லை. விஷம் வைப்பது, கண்ணி கட்டுவது, பொறி வைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வதும் வேட்டைதான். குண்டு படாமல் போனாலும் வழக்கு உண்டு. தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருப்பவரும் குற்றவாளிதான். 'என் காட்டுக்கு வந்து சுட்டுக்கொள்ளுங்கள்' என்று கூப்பிட்டவர் நீங்கள் என்றால், துப்பாக்கியைத் தொடாவிட்டாலும் உங்கள் பேரும் சேரும். துப்பாக்கி, ஸ்கோப், வந்த வண்டி எல்லாம் பறிமுதலாகும்.

லைசென்ஸ் துப்பாக்கி என்பதால் தப்பிக்க முடியாது. அந்த லைசென்ஸ் ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியை வைத்துக்கொள்ள மட்டும் கொடுத்தது. வன விலங்கைக் கொல்ல வன உயிரினச் சட்டத்தின் 11-வது பிரிவில் தனி அனுமதி வேண்டும். பயிரை அழிக்கிற இரண்டாம் அட்டவணை விலங்குக்கு அந்த அனுமதியைத் தர அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அதைத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோதான் எழுத்து மூலம் தர முடியும்.

கறி விஷயமும் அப்படித்தான். வேட்டையாடிய வன விலங்கு, செத்துக் கிடந்ததாகவே இருந்தாலும், அரசுச் சொத்து. பங்கு வாங்கிச் சமைத்த வீடும் வழக்கில் வரும்.

கேரளா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2022-லிருந்து அங்கே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கேயும் யார் வேண்டுமானாலும் சுட முடியாது. உத்தரவு வாங்கி, துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்தான் சுட வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. அந்த உத்தரவு நம் எல்லைக்குள் செல்லாது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்தான் செய்ய வேண்டும். உங்கள் நிலம் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே வனத்துறைக்கே சுட இடமில்லை என்கிறபோது, உங்கள் மச்சான் மகனுக்கு எப்படி இருக்கும்?

இனி அந்தப் பெரிய காரணம்.

இந்தக் கேமரா வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. உடம்புச் சூடு உள்ள எதுவும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். 'ஒரு கிலோமீட்டர் தெரியும்' என்று விற்கிறவர் சொன்னால், அத்தனை தூரத்தில் ஒரு சூடான புள்ளி தெரியும் என்றுதான் அர்த்தம். அது பன்றியா, நாயா, கன்றுக்குட்டியா என்று தெரிய வேண்டுமானால் அதில் ஒரு சிறு பங்கு தூரத்துக்கு நெருங்க வேண்டும். நிறம் தெரியாது. அடர்ந்த சோளத் தட்டைக்குப் பின்னால் இருப்பது தெரியாது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறை ராத்திரியிலும் சூடாகத் தெரியும். மழையிலும் பனிமூட்டத்திலும் படம் மங்கிப்போகும்.

ஒரு நண்பர் வயலில் இந்தக் கருவியை நானும் கண்ணில் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வயல் வரப்போரம் தாழ்வாக ஒரு வெள்ளை உருவம், குனிந்து குனிந்து நகர்ந்தது. 'பன்றிதான்' என்று நானே சொன்னேன். அது எழுந்து நின்றது. மடை திருப்ப வந்த பெரியவர். மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வந்ததால் மோட்டார் போட்டுவிட்டு, டார்ச்கூட அடிக்காமல், பழகிய வரப்பில் குனிந்து மண்ணை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு எங்கள் கையில் கேமரா மட்டும்தான் இருந்தது. அதில் துப்பாக்கி மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

உங்கள் ஊரிலும் ராத்திரியில் தண்ணீர் கட்டப் போகிறவர், பரணில் காவல் கிடப்பவர், வெளிக்குப் போகிறவர் இருப்பார்கள். பன்றிக்கு வைத்த குண்டு அவர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் அதற்கு எந்த நஷ்டஈடும் ஈடாகாது.

விலங்குப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1972-ல் சட்டம் வந்தபோது லைசென்ஸ் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. அப்போதே 17-வது பிரிவில் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார்கள். தனி அனுமதி இல்லாமல் சூரியன் மறைந்து உதிக்கும் வரை வேட்டை கூடாது, விளக்கு அடித்துச் சுடக்கூடாது. தண்ணீர் குடிக்க வருகிற இடத்தில் காத்திருந்து சுடக்கூடாது. தப்பிக்க வழியில்லாத நேரத்தில் விலங்கை அடிப்பது முறையில்லை என்று வேட்டைக்காரர்களே ஒத்துக்கொண்ட காலம் அது. 1991 திருத்தத்தோடு அந்த லைசென்ஸ் வேட்டையும் போய், அந்தப் பிரிவும் நீங்கிவிட்டது. இருட்டு ஒன்றுதான் விலங்குக்கு மறைவு. இந்தக் கேமரா அதையும் எடுத்துவிடுகிறது. தாய்ப்பன்றியா, பக்கத்தில் கோடு போட்ட குட்டி நிற்கிறதா என்று அதில் பிரித்துப் பார்க்க முடியாது. தப்பாகப் பட்ட குண்டோடு ஓடிய பன்றி, மறுநாள் காலையில் புல் அறுக்கப் போகிற பெண்கள் மேல் பாயும்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. திருட்டு வேட்டைக்குப் போனவர் 'பன்றி பாய்ந்தது, சுட்டேன்' என்று சொல்லித் தப்ப முடியாது.

அப்படியானால் இந்தக் கேமராவால் பயனே இல்லையா? இருக்கிறது. கோவை மதுக்கரையில் ரயில் பாதையை யானைகள் கடக்கும் இடத்தில் 2024-லிருந்து கோபுரங்களில் இந்த வகைக் கேமராவும் வைத்து, யானை வந்தால் ரயிலை மெதுவாக்கச் சொல்கிறார்கள். அங்கே அது உயிரைக் காக்கிறது. நீங்களும் அப்படிப் பயன்படுத்தலாம்.

கையில் பிடித்துப் பார்க்கும் வகையே போதும், துப்பாக்கியில் மாட்டும் வகை வேண்டாம். நல்ல கருவியின் விலை ஒரு கறவை மாட்டின் விலைக்குக் குறையாது. அதனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். வாங்குமுன் ரேஞ்சர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். காவலுக்குப் போகிறவர் வயலில் கால் வைக்குமுன் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கட்டும். யானை நின்றால் திரும்பிவிடலாம். பன்றி எந்தப் பக்கம் நுழைகிறது என்று நாலு ராத்திரி பார்த்துக் குறித்துவைத்தால், அந்த இடத்தில் மட்டும் வேலியைப் பலப்படுத்தலாம். சோலார் வேலி போடுவதானால் வனத்துறையிடம் கேட்டுப் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். மோட்டார் கரண்டை நேராக வேலியில் கொடுப்பதும், அவுட்டுக்காய் வைப்பதும் கூடவே கூடாது. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறி, தின்ன முடியாமல் பட்டினியில் செத்த யானைகள் உண்டு. இந்தக் கருவியோடு காப்புக்காட்டுக்குள்ளும் போகாதீர்கள். பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சேதம் ஆன அன்றைக்கே படம் எடுத்து, சிட்டா, அடங்கலோடு கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, ரேஞ்சர் அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து, பன்றியைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு கூட்டு மனு கொடுங்கள். இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ராத்திரி, எத்தனை பன்றி, எந்த வழி என்று கேமராவில் பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி மனுவோடு சேர்த்தால், 'அங்கே பன்றியே இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது.

மச்சான் மகனிடம் கோபப்படாதீர்கள். மாமாவுக்கு உதவத்தான் நினைத்திருக்கிறான். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்டாமல், ஒரு வாரம் உங்களோடு காவலுக்கு வந்து பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கடலைக்கு அதுதான் உண்மையான உதவி.