கசிவும் பாசனமே

1955-ஆம் ஆண்டு நிறைவுற்ற கீழ்பவானித் திட்டம், மழையையும் கவலை ஏற்றத்தையும் நம்பியிருந்த கொங்கு மண்ணில் 2,07,000 ஏக்கரைப் பாசன நிலமாக்கிற்று. இருக்கும் நீர் அனைத்து நிலத்துக்கும் ஒருசேரப் போதாது. எனவே ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்கும், மறுபாதிக்கு ஜனவரியில் நிலக்கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிர்களுக்கும் முறைவைத்து நீர் விடப்படுகிறது. மறு ஆண்டு முறை மாறும்.

மண் வாய்க்காலில் கசிந்த நீரோ கிணறுகளில் ஊறி, முறை வராத உழவருக்கும் மஞ்சளும் கரும்பும் தந்தது. ஆகவேதான் வாய்க்காலுக்குக் கான்கிரீட் இடும் திட்டத்தை ஒரு சாரார் எதிர்த்தனர். கடைமடைக்கு நீர் சேரவேண்டுமென மற்றொரு சாரார் வரவேற்றனர்.

இரு தரப்பும் கேட்பது வாழ்வாதாரமே. உடைப்பை அடைப்பது கடமை. ஆயினும், வாய்க்காலில் ஓடும் நீரைக் கணக்கிடுவோர் கிணற்றில் ஊறும் நீரையும் அக்கணக்கில் சேர்ப்பதே நீதியாகும்.