மறந்தது குற்றமா?

சென்ற மாதம் மாரண்டஹள்ளியில் ஓர் உறவினர் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். விடியற்காலையிலேயே வீட்டுக்காரர் தக்காளிக் கூடைகளுடன் பாலக்கோடு மண்டிக்குப் புறப்பட்டுவிட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் பெண் திண்ணையில் உட்கார்ந்து, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தாயார் வந்து புத்தகத்தை வாங்கி ஒரு கேள்வி கேட்டாள். பெண் கூரையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பதில் வரவில்லை.

"ராத்திரியெல்லாம் படிச்சியே, எங்கேடி போச்சு? பாருங்க அக்கா, இதுக்கு மண்டையிலே ஒண்ணும் நிக்கிறதில்லே. இந்த வருஷம் தேறலேன்னா மாப்பிள்ளை பார்த்துடலாம்னு இவங்க அப்பா சொல்றார்."

"நான் மக்குதான், பெரியம்மா" என்றாள் பெண், மெல்லிய குரலில். அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது.

மறதி மக்குத்தனம் அல்ல, சகோதரிகளே! ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற மனோதத்துவ அறிஞர், அர்த்தமில்லாத அசைகளைத் தாமே நெட்டுருப் போட்டு, எவ்வளவு மறக்கிறது என்று வருஷக்கணக்கில் சோதித்தார். அதன் முடிவை 1885-இல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கரைந்துவிடுகிறது. பிறகு மறதியின் வேகம் தணிகிறது. இது மேதைக்கு நேர்ந்த கதி! ஆனால் இன்னொன்றையும் அவர் கண்டார். ஒரு மாதம் கழித்து அதையே மறுபடி படித்தபோது, முதல் தடவை பிடித்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. மறந்ததாக நாம் நினைப்பது அடியோடு அழிந்துவிடுவதில்லை.

சரி, அதைத் தக்கவைத்துக்கொள்ள வழி என்ன? 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கூட்டத்தார் நான்கு வேளையும் பாடத்தைப் படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் ஒரு வேளை மட்டும் படித்து, மற்ற மூன்று வேளையும் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது முதல் கூட்டம் முந்திக்கொண்டது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவிகிதம். பாராமல் எழுதியவர்களுக்கு 61 சதவிகிதம்!

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் 'ஒப்புவித்தல்' என்று ஒன்று இருந்ததே, அதன் மகிமை இதுதான். கண்ணால் நூறு தடவை பார்ப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு மனத்துக்குள் ஒரு தடவை தேடி எடுப்பது மேல். தேடித் தேடித்தான் பாதை படிகிறது.

ஆனால் ஒப்புவிக்கும்போது தலையில் குட்டு விழுந்தால்? பயம் வந்து வாசலை மறிக்கும். தெரிந்ததும் அப்போது வெளியே வராது. திண்ணையில் அன்று காலை நடந்தது அதுதான். பாவம், பெண்ணின் மண்டையில் குறை இல்லை. நாம் கேட்ட தோரணையில்தான் குறை.

அன்று சாயங்காலம் தாயார் காய் நறுக்கிக்கொண்டே ஐந்து கேள்விகள் கேட்டாள், கடிந்துகொள்ளவில்லை. மூன்றுக்குப் பதில் வந்தது. மற்ற இரண்டையும் புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சொன்னாள். மறுநாள் அந்த இரண்டும் வந்தன. மூன்று நாள் விட்டு ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை கேட்டால் போதும் என்று சொல்லிவைத்தேன். தாய்க்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் பிடித்திருந்தால் போதும்.

வீட்டுக்காரரிடமும் பேசினேன். "பெண்ணுக்குப் பதினெட்டு நிறையாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். பரீட்சையில் தவறினால் மறுபடி எழுதலாம்; கல்யாணத்தை அப்படி மறுபடி எழுத முடியுமா?" என்றேன். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். நம் வீடுகளில் 'பார்க்கலாம்' என்றால் பாதிச் சம்மதம் அல்லவா?

ஊருக்குத் திரும்பும்போது மாரண்டஹள்ளி ரயில் நிலையத்துக்கு அந்தப் பெண்ணும் வந்தாள். வண்டி வரும்வரை நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவளே ஒரு பாடத்தை ஒப்புவித்தாள். நடுவில் ஓரிடத்தில் தடுக்கிற்று. தலை குனியவில்லை, சிரித்தாள்.

"அதை மட்டும் நாளைக்கு போன்லே கேளுங்க, பெரியம்மா!"