கொதிக்க வைத்தால் போதாது

கிணற்றுத் தண்ணீரில் ஐயம் என்று யார் வந்தாலும், ‘கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கோ’ என்கிறோம். கிருமிக்கு அது சரி. பி.எப்.ஏ.எஸ் எனப்படும் புளோரீன் சேர்மங்களுக்கு அது உதவாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும்.

யாழ்ப்பாண வலிகாமத்துச் சுண்ணக்கல்லில் நீர் வெடிப்புகளூடாக விரைந்து இறங்குவதால் வடிகட்டப்பட வாய்ப்புக் குறைவு. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றை அடைவது அதனால்தான். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தபோது கிணற்றில் படலம் மிதந்தது, நாறியது. விடயம் வழக்குக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. பி.எப்.ஏ.எஸுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. முறையிட யாரும் வரப்போவதில்லை.

இது பிறநாட்டுப் பிரச்சினையுமல்ல. இலங்கை நகரவாசிகளின் இரத்தத்திலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் இரத்தத்திலும் இவை இருந்ததை 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இவற்றுள் பி.எப்.ஓ.ஏ உடலில் பாதியாகக் குறையவே ஆண்டுகள் பிடிக்கும். 2023 இறுதியில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. கொலஸ்திரோல் உயர்வு, தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் குறைதல், பிறப்பு நிறைக் குறைவு, சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவற்றுடனான தொடர்பும் வலுவாகத் தெரிகிறது. அமெரிக்கா 2024இல் குடிநீரில் பி.எப்.ஓ.ஏக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 4 நனோகிராம். சாதாரண நீர்ப்பரிசோதனையில் இந்த அளவு பிடிபடாது.

பல நாடுகளில் இவை அகப்பட்ட இடங்களுள் தீயணைப்பு நுரை பயன்படுத்திய விமான நிலையங்களின் சுற்றுப்புறங்களும் அடங்கும். ஆகவே பலாலி ஓடுபாதையைச் சூழ்ந்த கிணறுகளிலும் குப்பைமேடுகளை அண்டிய கிணறுகளிலும் மாதிரி எடுப்பதே முறை. குற்றச்சாட்டு வேண்டாம், அளவீடு வேண்டும்.

அதுவரை வைத்தியர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் செய்யக்கூடியவை உண்டு. நோயாளி குடிக்கும் நீர் எந்தக் கிணற்றினது என்று கேட்டு எழுதிவையுங்கள். வடிகட்டி வாங்குவோருக்கு ஊக்கிய கரி அல்லது எதிர்ச்சவ்வூடுபரவல் வகையைப் பரிந்துரையுங்கள். உள்ளிருக்கும் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை என்பதையும் சொல்லுங்கள். இச்சேர்மங்கள் சேர்க்கப்பட்டிருக்கக்கூடிய, எண்ணெய் ஊறாத கடதாசியில் சுற்றிய உணவைக் குறைக்கச் சொல்லலாம். பாலூட்டும் தாய்மாரை மட்டும் கலங்கடிக்காதீர்கள்: தாய்ப்பாலின் நன்மை பெரிது, அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம்.