புலவர் பகையும் துப்பறியும் கதையும்

இலக்கிய மலரில் துப்பறியும் நாவலைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உளர். அவர்தம் வாதம் நாம் நெடுநாள் கேட்டுப் பழகியதே. கொலைக்கதை பொழுதைக் கொல்வது, பண்பாட்டை வளர்க்காதது, பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தம் மக்கள் கையில் கொடுக்கத் தகாதது என்பர். அதிலும், எழுத்தாளனே எழுத்தாளனைக் கொல்லும் கதை என்றால் அவர்கள் சினம் இருமடங்காகும். படைப்பாளரை இழிவுபடுத்தும் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவர். இவ்விரு கூற்றுகளையும் நாம் மறுக்கிறோம்.

மேல்நாட்டுச் சரக்கு என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். புலவரும் புலவரும் மோதிக்கொண்ட கதைகளைத் தமிழரைப் போல் சுவைத்துச் சொன்னவர் வேறு எவர்? பிழைபடப் பாடுவோர் தலையில் குட்டுவதற்கு ஒரு பிள்ளைப்பாண்டியன், தோற்றவர் காதை அறுப்பதற்கு ஒரு வில்லிபுத்தூரார், தலையையே வெட்டுவதற்கு ஓர் ஒட்டக்கூத்தர் என்று நம் முன்னோர் ஒரு தண்டனைச் சட்டமே வகுத்து வைத்திருந்தனர். புகழேந்தியின்மீது அழுக்காறு கொண்டு கூத்தர் அவரைச் சிறையில் வைத்த கதையைக் கேளாத தமிழ்ப்பிள்ளை உண்டா? அருணகிரிநாதரின் அந்தாதிச் செய்யுளுக்குப் பொருள் கூற மாட்டாமல் வில்லிபுத்தூரார் தோற்றதும், அறுக்க உரிமை இருந்தும் அருணகிரியார் அவர் காதை அறுக்காது விட்டதும் மேடைதோறும் முழங்கும் செய்திகளல்லவா? இவை கர்ண பரம்பரைக் கதைகளேயன்றி வரலாறல்ல. சோழர் மூவர் அவையில் 12-ஆம் நூற்றாண்டில் வீற்றிருந்த கூத்தரும் நளவெண்பா பாடிய புகழேந்தியும் ஒரே காலத்தவரே அல்லர் என்று கூறும் ஆராய்ச்சியாளர் பலர். வரலாறு இல்லையென்றால் விருப்பத்தோடு இட்டுக்கட்டியவர் நாமே என்றுதானே பொருள்? புலவர் மனத்தில் பொறாமை எத்துணை ஆழம் வரை செல்லும் என்பதை அறிய நமக்கு ஒரு கதை தேவைப்பட்டது, செய்துகொண்டோம். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் செய்திருப்பதும் அதுவே. பட்டிமண்டபத்தில் ஒட்டக்கூத்தர் கத்தியை வியந்து கைதட்டும் அன்பர், நாவலில் கத்தியைக் கண்டதும் பண்பாட்டைத் துணைக்கு அழைப்பது என்ன நியாயம்?

ஆந்தனி பெர்க்லி 1929-இல் எழுதிய ‘பாய்சன்ட் சாக்லெட்ஸ் கேஸ்’ என்னும் நாவலைப் பாருங்கள். குற்ற ஆராய்ச்சிக் கழகம் ஒன்றின் அறுவர் உறுப்பினர், காவல்துறை கைவிட்ட ஒரு நஞ்சூட்டு வழக்கை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு தீர்வு சொல்கின்றனர். அறுவரில் நால்வர் எழுத்துத் தொழிலினர். நாவலாசிரியர் இருவர், நாடக ஆசிரியை ஒருவர், துப்பறியும் கதை எழுதுபவர் ஒருவர். ஒருவர் கட்டிய கோட்டையை அடுத்தவர் தரைமட்டமாக்குகிறார். அக்கதை எழுதுபவரோ தம் தருக்கத்தின் வழியே சென்று, கொலையாளி தாமாகவே இருக்க வேண்டும் என்று மெய்ப்பிக்கும் நிலைக்கு வந்து சேர்கிறார். எவரும் பொருட்படுத்தாத சாதுவான மனிதர் ஒருவர் இறுதியில் வாய் திறக்கிறார். சான்றுகளை எப்படியும் வளைக்கலாம், அழகாகச் சொன்னால் எதையும் நம்பச் செய்யலாம் என்ற உண்மையை, எழுத்தாளரின் ஆணவத்தைக் கொண்டே காட்டிய நூல் அது. நம் திறனாய்வாளர் சிலர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

அடுத்த ஆண்டே, 1930-இல், இலண்டனில் துப்பறியும் எழுத்தாளர் கழகம் ஒன்று தோன்றியது. செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். பெர்க்லி, அகதா கிறிஸ்டி, டாரத்தி சேயர்ஸ் ஆகியோர் உறுப்பினர். ஒரே சந்தையில் ஒரே பண்டம் விற்ற போட்டியாளர்கள் இவர்கள். ஆயினும், முக்கியத் தடயத்தை வாசகரிடமிருந்து மறைப்பதில்லை, தற்செயலையும் தெய்வச் செயலையும் நம்பி முடிச்சை அவிழ்ப்பதில்லை என்று ஒருவர்முன் ஒருவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். 1931-இல் கூட்டாக ‘ஃப்ளோட்டிங் அட்மிரல்’ என்ற நாவலையும் எழுதினர். முன்னவர் மனத்தில் கொண்ட விடை இன்னதென்று அறியாமலே அடுத்தவர் தம் அத்தியாயத்தை எழுத வேண்டும். ஆனால் தமக்கென்று ஒரு விடையும் வைத்திருக்க வேண்டும். எல்லாரும் போட்ட முடிச்சுகளை அவிழ்க்கும் பொறுப்பு பெர்க்லியின் தலையில் விழுந்தது. குழப்பத்தைத் துடைத்தெடுத்தல் என்னும் பொருளில் அவர் அந்த இறுதி அத்தியாயத்துக்குத் தலைப்பிட்டார். பகையும் நட்பும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை இது. நம் எழுத்தாளர் இருவரை ஒரே மேடையில் ஏற்றுவதற்கு விழாக் குழுவினர் படும் பாட்டை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும்.

இவ்வகை நூல்களுள் நாம் பெரிதும் மதிப்பது அமெரிக்கரான ரெக்ஸ் ஸ்டவுட் 1959-இல் வெளியிட்ட ‘பிளாட் இட் யுவர்செல்ஃப்’ ஆகும். புகழ்பெற்ற நூலாசிரியர் சிலர்மீது கதைத் திருட்டுக் குற்றம் சாட்டப்படுகிறது. குற்றம் சாட்டுவோர் பெயர் தெரியாதவர். ஆனால் அவர்கள் காட்டும் கையெழுத்துப் படியோ உரிய இடத்தில் ஒளித்து வைக்கப்பட்டுக் கண்டெடுக்கப்படுகிறது. பதிப்பாளரும் எழுத்தாளரும் சேர்ந்த குழு நீரோ உல்ஃப் என்னும் துப்பறிவாளரை நாடுகிறது. அவர் கைரேகை தேடவில்லை, காலடி அளக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடி அந்தக் கதைகளைப் படிக்கிறார். படித்து, வெவ்வேறு பெயரில் வந்த அவை யாவும் ஒருவரே எழுதியவை என்று முடிவு கட்டுகிறார். சொல்லாட்சியை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம், வாக்கிய அமைப்பையும் மாற்றலாம். பத்தி பிரிக்கும் முறையை மாற்றுவது அரிது என்பது அவர் கண்ட சான்று. எழுதுபவரின் மூச்சு எங்கே நிற்கிறது என்பதைப் பத்தி காட்டிக்கொடுத்துவிடுகிறது. நடையைக் கொண்டு ஆசிரியரைத் தேறும் இந்த முறை நமக்குப் புதிதா? ஒரே பெயரில் வழங்கும் பாடல்களுள் எவை ஔவையார் ஒருவருடையவை, எவை பிற்பட்ட ஔவையாருடையவை என்று நம் அறிஞர் பிரித்தறிந்தது எவ்வாறு? ஸ்டவுட் எழுத்தாளர் அமைப்பில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். உரிமை வழக்குகளின் உள்ளும் புறமும் அறிந்தவர். அதனால் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது கதையில் தெளிவாக நிற்கிறது. கொலைகள் தொடரவே, கொலையாளி அகப்படும்வரை இறைச்சியும் பீரும் தொடேன் என்று உணவுப் பித்தரான உல்ஃப் சூளுரைக்கும் இடம் சிரிப்பையும் தருகிறது.

நம் காலத்து நூல் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் ஜே.கே. ரௌலிங் எழுதிய ‘சில்க்வோர்ம்’ 2014-இல் வந்தது. ஓவன் குவைன் என்னும் நாவலாசிரியன் தனக்கு வேண்டாதவர் அனைவரையும் இழிவாகச் சித்திரித்து ஒரு நாவல் எழுதிவிட்டு மறைகிறான். பின்பு அந்நாவலின் முடிவில் உள்ளபடியே கொலையுண்டு கிடக்கிறான். முகவர், பதிப்பாசிரியர், பதிப்பாளர், எதிரி எழுத்தாளர் என்று எல்லார்மீதும் ஐயம் விழுகிறது. நூலை எரிக்க விரும்பியவரெல்லாம் ஆசிரியனையும் எரிக்க விரும்பியிருக்கக் கூடுமன்றோ? பட்டு நூலுக்காகக் கூட்டுப்புழுவைக் கொதிநீரில் இடுவதுபோல, எழுத்துக்காக எழுத்தாளன் வேகிறான் என்ற உவமை நாவல் முழுவதும் ஓடுகிறது. கொலைக் காட்சியில் அருவருப்பு மிகுதி என்பதை நாம் ஒப்புகிறோம், அதைக் குறைத்திருக்கலாம். ஆனால் அந்த ஆசிரியை பதிப்புலகைப் பற்றி எழுதத் தகுதி பெற்றவர். இவ்வரிசையின் முதல் நாவல் 2013-இல் புனைபெயரோடு வந்தபோது, யாரென்று அறியாமல் அதை மறுத்த பதிப்பகம் உண்டு. வெளிவந்த பின்னும் விற்பனை அடக்கமாகவே இருந்தது. உண்மைப் பெயர் வெளிப்பட்டதும் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அட்டைக்குப் பின்னால் இருந்த பெயர் ஒன்றே. இலக்கியத் தரம் பற்றிப் பேசுவோர் இதற்கு என்ன விடை சொல்வர்?

ஆந்தனி ஹொரொவிட்ஸின் ‘மேக்பை மர்டர்ஸ்’ (2016) இன்னும் நேராக நம் எதிர்வாதியரைத் தொடுகிறது. தன்னைப் பணக்காரனாக்கிய துப்பறியும் கதையையே வெறுத்து, உயர்ந்த இலக்கியக்காரன் என்ற பட்டத்துக்கு ஏங்கும் ஆலன் கான்வே அதில் வருகிறான். பிறர் மனத்தில் ஏற்றிவைத்த தாழ்வு அவனுள் நஞ்சாகிறது.

இவ்வகையில் குப்பை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தம் சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள வேண்டாதவரைப் பிணமாக்கி எழுதியவை உண்டு. ஐரா லெவினின் ‘டெத்டிராப்’ நாடகம் (1978), மாணவனின் நாடகத்தைத் திருடக் கொலைக்கும் துணியும் ஆசிரியனைக் காட்டி நியூயார்க்கில் ஆண்டுக்கணக்கில் ஓடியது. திறமைக்குக் குறைவில்லை, எனினும் நம் கணிப்பில் அது நன்கு எண்ணெயிட்ட பொறி, அவ்வளவே. எந்த வகை இலக்கியத்தில்தான் பதர் இல்லை?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிற மாநிலத்தில் பிறந்து, பள்ளியில் தமிழே இல்லாமல் வளரும் நம் பிள்ளைகள், தாய் சொல்லிக்கொடுத்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கின்றனர். பத்தாம் பக்கத்தைத் தாண்ட வைப்பது எது? அடுத்து என்ன என்னும் ஆவல்தான். ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே.ஆர். ரங்கராஜுவும் நம் பாட்டிமாரைப் படிக்க வைத்தது அந்த ஆவலைக் கொண்டே. பின்னர்த் தமிழ்வாணனும் சுஜாதாவும் அதையே செய்தனர். ஆயின் ஒரு நகரத்துச் சங்கத்தின் நூல்நிலையத்தில், இடமில்லை என்று காரணம் சொல்லி, துப்பறியும் நாவல்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டதை நாம் கண்டோம். எஞ்சிய அலமாரியில் இருந்த உயர்ந்த நூல்கள் பலவற்றின் பக்கங்கள் பிரிக்கப்படாமலே இருந்தன. பிள்ளைகள் அங்கு வருவதை நிறுத்திக்கொண்டு, அதே கதையை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினர். அவர்கள் படிப்பதை விடவில்லை, தமிழைத்தான் விட்டனர்.

ஆதலின் சங்கங்களிடம் நாம் கேட்பது இதுதான். பழைய துப்பறியும் நாவல்களைத் தேடி வாங்குங்கள். மேலே சொன்ன நூல்களைத் தமிழில் தர வல்லார்க்கு, சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். இளைஞர் கூடும் நாளில் ஆறு பேரை அமர்த்தி, ஃப்ளோட்டிங் அட்மிரலைப் போல் ஒரு கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இலக்கணப் பிழையைத் திருத்த நம்மில் முதியோர் பலர் காத்திருக்கின்றனர். எந்தச் சங்கத்திலாயினும் துப்பறியும் நூல்களை அலமாரியிலிருந்து அகற்றும் தீர்மானம் பொதுக்குழுவுக்கு மீண்டும் வருமாயின், நாம் எதிர்த்தே வாக்களிப்போம்.